ஃபூஜி மலையைத் தாண்டி ஜப்பானில் நாலு இடங்கள்

ஜப்பான்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஃபூஜி மலை, செர்ரிப் பூ, புல்லட் ரயில். தினமும் ரீல்ஸ்ல பார்க்கிறோம். அதெல்லாம் அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா எஞ்சினியரிங் படிக்கிற நாம அங்கே போனால் பார்க்க வேண்டிய இடங்கள் வேற நாலு இருக்கு. நாலுமே மனுஷங்க கட்டினது. ஒவ்வொண்ணையும் பார்க்கும்போது "சூப்பரா இருக்கே" என்பதோடு நிறுத்தாம, "இதை ஏன் கட்டினாங்க?"ன்னு ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்க.

1. கசுகாபே: பூமிக்கு அடியில் ஒரு மண்டபம்

டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாகாணத்தில் இருக்கிறது கசுகாபே. நிலத்துக்கு அடியில் 177 மீட்டர் நீளம், 78 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரத்தில் ஒரு பிரம்மாண்டமான கூடம். உள்ளே 59 தூண்கள். போட்டோவில் பார்த்தால் கோயில் மண்டபம் மாதிரியே இருக்கும். உண்மையில் அது வெள்ளநீர்த் தொட்டி! சின்ன ஆறுகள் பெருகும்போது உபரித் தண்ணீர் ராட்சதக் கிணறுகளில் இறங்கி, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும் 6.3 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக இங்கே வரும். பம்புகள் அதை எடோ ஆற்றுக்குத் தள்ளிவிடும். 1993-ல் தொடங்கிய வேலை 2006-ல் முடிந்தது.

ஒவ்வொரு தூணும் சுமார் 500 டன். கூரையைத் தாங்க எதுக்கு இவ்வளவு எடை? சுற்றியிருக்கும் நிலத்தடி நீர், காலியாக இருக்கும் தொட்டியை மேலே தூக்கப் பார்க்கும். அதை அமுக்கிப் பிடிக்கவும்தான் இந்த எடை. ஸ்கூல்ல படிச்ச அதே ஆர்க்கிமிடிஸ்! முன்பதிவு செய்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

2. ஷிரகாவா-கோ: கும்பிடும் கைகள்

கிஃபு மாகாணத்து மலைக் கிராமம். இங்கே பனி மீட்டர் கணக்கில் கொட்டும். அதனால் வீட்டுக் கூரையைச் செங்குத்தாகச் சரித்து வைத்திருக்கிறார்கள். பனி தானாகச் சறுக்கி விழ வேண்டும். பார்க்க இரண்டு கைகளைக் கூப்பியது மாதிரி இருப்பதால் 'காஷோ' பாணி என்று பெயர். கூரைச் சட்டங்களில் ஆணியே கிடையாது, எல்லாம் கயிற்றுக் கட்டுதான். பரணில் பட்டுப்புழு வளர்த்தார்கள். ஒரு வீட்டுக் கூரை மாற்றணும்னா ஊரே திரண்டு வரும். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

3. ஹாஷிமா: காலியான தீவு

நாகசாகிக்கு அருகே கடலுக்கடியில் நிலக்கரி எடுத்த குட்டித் தீவு. 1916-லேயே இங்கே ஏழு மாடி கான்கிரீட் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். வெறும் 6.3 ஹெக்டேர் இடத்தில் 1959-ல் ஐயாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 1974-ல் சுரங்கத்தை மூடியதும் சில மாதங்களில் ஊர் காலி. இன்று இடிந்த கட்டிடங்கள் மட்டும் நிற்கின்றன. படகில் போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒண்ணு: போர்க் காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் இங்கே கட்டாயமாக வேலை வாங்கினார்கள். அதுவும் இந்தத் தீவின் கதைதான்.

4. ஒகுனோஷிமா: முயல் தீவு

இதை ரீல்ஸ்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஹிரோஷிமா மாகாணத்தில், தடனோஉமி துறைமுகத்திலிருந்து ஃபெர்ரியில் கால் மணி நேரம். இறங்கினதுமே நூற்றுக்கணக்கான முயல்கள் உங்க காலைச் சுத்தி வரும். செம க்யூட்!

ரீல்ஸில் வராதது இதுதான்: 1929 முதல் 1945 வரை இந்தத் தீவு ரகசிய விஷவாயுத் தொழிற்சாலை. வரைபடத்திலிருந்தே தீவை எடுத்துவிட்டார்கள். 6,000 டன்னுக்கு மேல் விஷவாயு தயாரானது, சீனாவில் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். வேலை செய்தவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு. பலருக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆயுள் முழுக்க அவதி. 1988-ல் திறந்த சின்ன மியூசியம் ஒன்று அங்கே இருக்கிறது. முயலோடு செல்ஃபி எடுத்த கையோடு அதையும் பார்த்துட்டு வாங்க.

யோசிச்சுப் பாருங்க. கசுகாபேயிலும் பம்பு, பைப், பிரஷர் கணக்கு. ஒகுனோஷிமாவிலும் அதே பம்பு, பைப், பிரஷர் கணக்கு. ஒண்ணு ஊரைக் காப்பாத்துது, இன்னொண்ணு ஆளைக் கொன்னது. இன்னும் சில மாசத்துல நம்ம கைக்கும் ஏதோ ஒரு டிராயிங் வரப்போகுது. அன்னைக்கு "எப்படிக் கட்டுறது?"க்கு முன்னாடி "எதுக்கு?"ன்னு ஒரு தடவை கேட்டுடுங்க.