பள்ளி விட்ட பின்பு

பள்ளி விட்டது முதல் பெற்றோர் வேலையினின்று திரும்பும் வரை பிள்ளைகள் எங்கே இருப்பது? திறந்தவெளியில் அவர்களுக்கு இடம் அமைக்க விழைவோர்க்கு டென்மார்க் நாட்டின் எம்ட்ரப் நல்லதொரு பாடம்.

கோப்பன்ஹேகன் நகரின் ஓரமான அவ்விடத்தில், போர்க்காலமாகிய 1943இல், பழம்பொருள் விளையாட்டுத் திடலொன்று திறக்கப்பட்டது. ஒழுங்காய் அமைத்த திடல்களினும் கட்டட வேலை நடக்கும் மனைகளையே சிறுவர் நாடுவதைக் கண்ட பூங்கா வடிவமைப்பாளர் சோரன்சனின் எண்ணம் அது. சுற்றிலும் மண்கரை, உள்ளே பழம்பலகை, செங்கல். பிள்ளைகள் தாமே குடில் கட்டினர், பிரித்தனர், மீண்டும் கட்டினர்.

முதல் பொறுப்பாளர் பெர்ட்டல்சன் முன்னாள் மாலுமி. குழந்தைக் கல்வியில் பயிற்சி பெற்றவர். அவர் ஆணையிடவில்லை, உடனிருந்து உதவினார்.

"காயம் படுமே!" எனத் தாய் அஞ்சுவது இயல்பே. ஆதலின் பெற்றோரே, விலையுயர்ந்த ஊஞ்சலுக்கு முன், விழிப்பும் பொறுமையும் உள்ள ஒரு பெரியவரைத் தேடுங்கள். அவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.