நஞ்சும் மருந்துமாகிய செங்காந்தள்

நுழையும்முன்

சங்கப் புலவர்கள் மகளிர் விரலுக்கு உவமை கூறிய மலர் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. வறண்ட நிலத்து உழவர்க்கு வருவாய் தரும் பயிராகவும், கிழங்கு முதல் விதை வரை நஞ்சு நிறைந்த கொடியாகவும் அது விளங்குகிறது. கொல்லும் பொருளே நோய் தீர்க்கும் பொருளாவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கொடியின் இயல்பு

மழை பெய்து மண் நனைந்ததும் வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் முளைத்தெழுந்து, அருகிலுள்ள செடிகளைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி செங்காந்தள். தாவரவியலார் இதனைக் குளோரியோசா சூப்பர்பா என்பர். ஆப்பிரிக்காவும் தெற்காசியாவும் இதன் தாயகங்கள். ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. எழில் கருதி உலகின் பல நாடுகளில் இதனைத் தோட்டங்களில் வளர்க்கின்றனர்.

இக்கொடியின் இலைநுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருக்கும். அதனைக் கொண்டே கொடி மேலேறுகிறது. மலரில் ஆறு பூவிதழ்கள் உண்டு. அவை அலையலையான விளிம்புடன் பின்னோக்கி வளைந்து, சுடர்விட்டெரியும் தீயைப்போல் தோன்றும். அரும்பில் பசுமையாக இருக்கும் இதழ், விரியும்போது மஞ்சளாகி, நாள் செல்லச்செல்லச் செம்மஞ்சளாகவும் செந்நிறமாகவும் மாறும். இதனால் ஒரே கொடியில் ஒரே வேளையில் பல நிற மலர்களைக் காணலாம்.

மண்ணுக்கடியில் இருப்பது கிழங்கு. இரு கிளைகளாக வளைந்து கலப்பையை ஒத்திருக்கும் அக்கிழங்கு, கோடையில் கொடி பட்டுப்போன பின்னும் உறங்குநிலையில் உயிர்த்திருந்து, அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும்.

பெயர்கள் உணர்த்தும் செய்தி

கிழங்கின் வடிவத்தால் கலப்பைக்கிழங்கு என்றும், பூக்கும் பருவத்தால் கார்த்திகைப்பூ என்றும் இக்கொடி பெயர் பெற்றது. வடமொழியில் இதனை இலாங்கலி என்பர். அச்சொல்லும் கலப்பையையே அடிப்படையாகக் கொண்டது. பூவை உற்று நோக்கினால் கண் வலிக்கும் என்னும் மக்கள் நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு என்னும் பெயர் வழங்கலாயிற்று என்பர். பார்ப்பதால் கண்வலி உண்டாகும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆயினும், குழந்தைகளை நச்சுக்கொடியின் அருகே செல்லவிடாமல் தடுக்க அந்நம்பிக்கை உதவியிருக்கக்கூடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாகரசம்பட்டி முதல் ஓசூர் வரை விரியும் எல்லைப்புற நிலப்பகுதி, தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் பகுதியாகும். அம்மூன்று மொழிகளும் இக்கொடியை மூன்று வகையாக நோக்கியுள்ளன. கன்னடத்தில் இதனை 'அக்கினிசிகை' என்பர். தீக்கொழுந்து என்பது அதன் பொருள். அப்பெயர் மலரின் தோற்றத்தைச் சுட்டுகிறது. தமிழின் கலப்பைக்கிழங்கு மண்ணுக்குள் மறைந்திருப்பதன் வடிவைச் சுட்டுகிறது. தெலுங்கில் 'அடவிநாபி' என்பர். அடவி என்பது காடு. நாபி என்பது கொடிய நஞ்சுடைய வேறொரு மூலிகை. காட்டில் வளரும் நாபி என்று பெயரிட்டதன் வாயிலாக, இதனை உண்ணாதே என்னும் எச்சரிக்கையைப் பெயரிலேயே பொதிந்து வைத்தனர் முன்னோர்.

இலக்கியத்தில் காந்தள்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலிடம் பெறுவது செங்காந்தளே. குறுந்தொகையின் முதற்பாடலும் முருகனுக்குரிய குன்றில் குருதி நிறக் காந்தள் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருப்பதைச் சொல்கிறது. குறிஞ்சி நிலத்தின் அழகுக்கும் முருக வழிபாட்டுக்கும் காந்தள் அடையாளமாயிற்று. மெல்லிய நீண்ட இதழ்களைப் புலவர்கள் மகளிர் விரல்களோடு ஒப்பிட்டனர்.

தெரிந்து தெளிவோம்

சங்க இலக்கியத்தில் செந்நிறக் காந்தளோடு வெண்காந்தளும் பேசப்படுகிறது. வெண்காந்தளுக்குக் 'கோடல்' என்னும் பெயரும் உண்டு.

நஞ்சு செயற்படும் முறை

செங்காந்தளின் எல்லாப் பகுதிகளிலும் கோல்சிசின் என்னும் அல்கலாய்டு உள்ளது. கிழங்கிலும் விதையிலும் அதன் அளவு மிகுதி. சமைப்பதால் அதன் நச்சுத்தன்மை நீங்குவதில்லை. இக்கிழங்கை உண்ணத்தக்க வள்ளிக்கிழங்கு என்று பிழையாகக் கருதி உண்டவர்கள் உயிரிழந்துள்ளனர்.

கோல்சிசின் உடலில் என்ன செய்கிறது என்பதை அறிய, உயிரணுப் பிரிதலை நினைவுகூர வேண்டும். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு துருவங்களுக்கும் இழுத்துச் செல்பவை கதிர்கோல் இழைகள். அவ்விழைகள் டியூபுலின் என்னும் புரத மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உருவாகும் நுண்குழல்களால் ஆனவை. கோல்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல் உருவாவதைத் தடுக்கிறது. இழை இல்லையேல் குரோமோசோம்கள் நகர இயலாது. உயிரணுப் பிரிதல் இடையில் நின்றுபோகும்.

ஆகவே, உடலில் எந்த உயிரணுக்கள் விரைந்து பிரிகின்றனவோ அவையே முதலில் தாக்குண்ணும். குடலின் உட்சுவர் அழிவதால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அடுத்த சில நாள்களில் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் குறையும். சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியனவும் செயலிழக்கக்கூடும். பிழைத்தோர்க்கு முடி உதிரும். மயிர்க்காலின் உயிரணுக்களும் விரைந்து பிரிபவை என்பதே இதற்குக் காரணம். இலங்கையில் இக்கிழங்கின் நஞ்சுக்கு ஆளாகிப் பிழைத்த பெண்ணொருவருக்கு உடல் முழுவதும் முடி உதிர்ந்ததை, 1966ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ ஆய்விதழ் ஒன்று பதிவு செய்துள்ளது.

இந்நஞ்சுக்கு எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இல்லை. உண்டவுடன் துன்பம் தோன்றாமல், சில மணி நேரம் கழித்தே அறிகுறிகள் வெளிப்படுவது இதன் கொடுமையை மிகுவிக்கிறது. எனவே, யாரேனும் இதனை உண்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எஞ்சிய கிழங்கையோ கொடியையோ உடன் எடுத்துச் சென்றால் மருத்துவர் நஞ்சை இனங்காண உதவியாக இருக்கும்.

நஞ்சே மருந்தாதல்

கோல்சிசினை 1820ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு வேதியியலார் பெல்லெட்டியே, காவந்து ஆகிய இருவரும் முதன்முதலில் பிரித்தெடுத்தனர். மலேரியாவுக்கு மருந்தாகிய குயினைனையும் அதே ஆண்டில் கண்டறிந்தவர்கள் இவர்களே. அவர்கள் பயன்படுத்தியது காந்தளின் உறவாகிய கோல்சிகம் என்னும் ஐரோப்பியத் தாவரம். கருங்கடலின் கிழக்குக் கரையிலிருந்த கோல்கிஸ் என்னும் பழைய நாட்டின் பெயரால் அத்தாவரம் அழைக்கப்படுகிறது.

கீல்வாத வகைகளுள் ஒன்றாகிய கவுட் நோயில், யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகங்களாகத் தங்குகிறது. அப்படிகங்களைத் தாக்க வெள்ளையணுக்கள் திரண்டு வருவதால் வீக்கமும் தாங்கொணா வலியும் ஏற்படுகின்றன. வெள்ளையணுக்கள் இடம்பெயர்வதற்கும் நுண்குழல்கள் தேவை. மிகச் சிறிய அளவில் கோல்சிசின் கொடுத்தால் அவற்றின் நகர்வு தளர்ந்து வீக்கம் தணிகிறது. மிகுந்த அளவில் உயிரணுப் பிரிதலை நிறுத்திக் கொல்லும் அதே செயலே, சிறிய அளவில் வலியைப் போக்குகிறது. நஞ்சு வேறு, மருந்து வேறு என இரு பொருள்கள் இக்கொடியில் இல்லை.

பெரும்பாலும் ஒரு மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம் கோல்சிசினே. அதாவது, ஒரு கிராம் கோல்சிசினைக் கொண்டு 2000 மாத்திரைகள் செய்யலாம். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. சிறுநீரகம் நலிந்தோர்க்கும், வேறு சில மருந்துகளை உட்கொள்வோர்க்கும் அவ்விடைவெளி இன்னும் சுருங்கும். எனவே மருத்துவர் கண்காணிப்பு இன்றியமையாதது. இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு நேரும் வாய்ப்பைக் குறைக்க நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கோல்சிசின் வழங்குவதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. காந்தள் விதையிலுள்ள மற்றொரு வேதிப்பொருளிலிருந்து தசைப்பிடிப்பைத் தளர்த்தும் தயோகோல்சிகோசைடு என்னும் மருந்து செய்யப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

1937ஆம் ஆண்டு பிளேக்ஸ்லீ, ஏவரி என்னும் அமெரிக்க அறிவியலார், ஊமத்தை முதலிய செடிகளில் கோல்சிசினைச் செலுத்திக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டினர். தர்ப்பூசணியின் 22 குரோமோசோம்களை இம்முறையில் 44 ஆக்கி, அச்செடியை இயல்பான செடியோடு கலப்பினம் செய்தால் 33 குரோமோசோம்கள் கொண்ட செடி கிடைக்கும். அதன் பழத்தில் முதிர்ந்த விதை உண்டாவதில்லை. விதையில்லாத் தர்ப்பூசணியை ஜப்பானிய அறிவியலாளர் கிஹாரா இவ்வழியில் உருவாக்கினார்.

மரபு மருத்துவத்தில் காந்தள்

சித்தம், ஆயுர்வேதம் ஆகிய மரபு மருத்துவ முறைகளும் இக்கிழங்கைப் பயன்படுத்தியுள்ளன. மூட்டுவலி, வீக்கம், தோல் நோய்கள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வெளிப்பூச்சாகவே வழங்கினர். நஞ்சுடைய மூலிகையை உள்மருந்தில் சேர்க்குமுன் 'சுத்தி' செய்தல் வேண்டும் என்பது அம்மருத்துவ நூல்களின் உறுதியான நெறி. ஆயுர்வேதம் இலாங்கலியை 'உபவிடம்' என்னும் நச்சு மூலிகைகளின் வரிசையில் வைத்துள்ளது. இந்திய மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் விதிகளிலும் இது நச்சுப்பொருள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இத்தகைய பொருள் கலந்த உள்மருந்தின் உறையில் மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்க என்னும் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும்.

முன்னோர் அச்சத்தோடும் முறையோடும் கையாண்ட மூலிகையை, இயற்கையானது தீங்கு செய்யாது என்று எண்ணி வீட்டில் அரைத்து உண்பது உயிருக்கு உலை வைக்கும் செயலாகும். மாத்திரையில் அளவு வரையறுக்கப்பட்டிருக்கும். கிழங்கிலோ மண்ணுக்கும் பருவத்துக்கும் வயதுக்கும் ஏற்ப நஞ்சின் அளவு மாறும். கண்ணால் கண்டு அதனை அறிய இயலாது.

பயிராகும் காந்தள்

தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு பெருமளவில் பயிரிடப்படுகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்கள் இப்பயிருக்குப் பெயர்பெற்றவை. ஆண்டின் நடுப்பகுதியில் மழையை எதிர்நோக்கிக் கிழங்குகளை நடுவர். கொடி ஏறுவதற்குக் கிளுவைப் போத்துகளையோ விராலிக் குச்சிகளையோ ஊன்றுவர். கம்பிப் பந்தலும் அமைப்பர்.

இப்பயிரில் மிகுந்த உழைப்பை வேண்டுவது மகரந்தச் சேர்க்கை. காந்தள் மலரின் சூலகத்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கியிருப்பதால், மகரந்தத் துகள்கள் தாமாகச் சூலகமுடியைச் சேர்வது அரிது. காட்டில் வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் அப்பணியைச் செய்கின்றன. தோட்டத்தில் மனிதக் கைகளே செய்ய வேண்டும். பூக்கும் காலமெங்கும் ஒவ்வொரு நாள் காலையிலும் தொழிலாளர்கள் மலர்தோறும் சென்று மகரந்தத்தை எடுத்துச் சூலகமுடியில் தடவுகின்றனர். அக்கைத்தொடுதல் இல்லையேல் காய் பிடிப்பது குறையும். முதிர்ந்த காய்களைப் பறித்து உலர்த்தி, செந்நிற விதைகளைப் பிரித்தெடுப்பர். அவ்விதைகள் மருந்து தயாரிப்புக்காக ஐரோப்பிய நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன.

இப்பயிர்க்கு நிலையான விலை இல்லை. வாங்குவோர் சிலரே, ஆகையால் விலை ஏறியும் இறங்கியும் உழவரை அலைக்கழிக்கிறது. கிழங்கையும் விதையையும் கையாளுவோர் கையுறையும் முகக்கவசமும் அணிவதும், உணவுக்கு முன் கைகளை நன்கு கழுவுவதும் தேவை. உலகின் ஏதோ ஒரு நாட்டில் நோயாளி ஒருவர் விழுங்கும் சிறு மாத்திரைக்குப் பின்னால், காலை வெயிலில் மலர் மலராகத் தொட்டு நடக்கும் நம் ஊர்த் தொழிலாளரின் உழைப்பு இருக்கிறது.

காப்பது நம் கடமை

காடுகளில் தானே வளரும் காந்தளை மருந்துக்காகக் கிழங்கோடு அகழ்ந்தெடுப்பது அதன் இனத்தை அழிக்கும். விதையை மட்டும் எடுத்தால் கிழங்கு மண்ணில் தங்கி மறுமழையில் முளைக்கும்; கிழங்கை எடுத்துவிட்டால் அவ்விடத்தில் கொடியே இராது. பயிராக வளர்ப்பது பெருகினால் காட்டுக்கொடிகள் அகழ்வினின்று பிழைக்கும்.

நஞ்சுடையது என்பதற்காக வேலியோரக் கொடியை வெட்டி எறிய வேண்டியதில்லை. குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் அது வளரட்டும். அதன் கிழங்கை இனங்காணவும், உண்ணத்தக்க கிழங்கினின்று வேறுபடுத்தவும் வீட்டில் உள்ள அனைவரும் கற்றிருத்தல் வேண்டும். காந்தளை அறிந்தவர்க்கு அது கண்ணுக்கு விருந்து. அறியாதவர்க்கே அதனால் தீங்கு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் செங்காந்தளுக்கு வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டு, ஒவ்வொரு பெயருக்கும் உரிய காரணத்தைத் தொகுத்து எழுதுக.

2. நஞ்சும் மருந்தும் ஒரே பொருளே என்பதை உயிரணுப் பிரிதலின் துணைகொண்டு விளக்குக.

3. அரளி, ஊமத்தை, நித்தியகல்யாணி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் நச்சுத்தன்மையையும் மருத்துவப் பயனையும் பற்றி வகுப்பறையில் உரையாற்றுக.