யந்திரம் அறிந்தவர்க்குக் கதையும் வேண்டும்

உதகமண்டலத்திற்கு வருகிறவர்கள் ஏரியையும் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டு, தொட்டபெட்டா சிகரத்தில் ஏறி இறங்கி, தேயிலைப் பொட்டலத்துடன் ஊர் திரும்புகிறார்கள். நகரத்திற்குச் சமீபத்திலுள்ள முத்தோரைக்குச் செல்வோர் மிகச் சிலரே. அங்கே ஒரு மலைச்சரிவின்மீது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பிரம்மாண்டமான கருவி ஒன்று படுத்துக் கிடக்கிறது. அதில் கண்ணாடி வில்லை இல்லை, குழலும் இல்லை. வளைந்த 24 இரும்புச் சட்டங்களின்மீது 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. 1970-ஆம் வருஷத்தில் வேலை முடிந்து, வான வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்கத் தொடங்கிய தொலைநோக்கி இதுவே.

இதன் பெருமையைப் பேசுவது மாத்திரம் நமது நோக்கமன்று. யந்திர நுட்பத்தில் தேர்ந்தவர்களுக்குக் கதை சொல்லும் திறமையும் அவசியமா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு இந்த மலைச்சரிவு தக்க விடை அளிக்கிறது.

1961-ஆம் வருஷத்தில் கோவிந்த ஸ்வரூப், டி. கே. மேனன், எம். ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் என்னும் நான்கு இந்திய விஞ்ஞானிகள் அந்நிய நாடுகளில் இருந்தனர். தாய்நாட்டிற்குத் திரும்பி ரேடியோ வானியல் ஆராய்ச்சி நடத்த விரும்புவதாக அவர்கள் சேர்ந்து ஒரு யோசனை எழுதி இந்தியாவிற்கு அனுப்பினார்கள். அப்போது அவர்களிடம் கருவி இல்லை, கட்டிடம் இல்லை, பணமும் இல்லை. அவர்கள் கையிலிருந்தது, செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பிறர் மனக்கண்ணில் நிறுத்தும் எழுத்து ஒன்றே. அதைப் படித்த டாக்டர் ஹோமி பாபா, அத்தகைய குழு ஒன்றை அமைக்கத் தீர்மானித்திருப்பதாக 1962-ஆம் வருஷத் தொடக்கத்தில் தந்தி அடித்தார். 1963-இல் ஸ்வரூப் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் வந்து சேர்ந்தார்.

முத்தோரையைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பார்ப்போம். பூமி பம்பரம்போல் ஓர் அச்சில் சுழலுகிறது. வானத்திலுள்ள ஒரு பொருளை விடாமல் நோக்க வேண்டுமானால், நமது கருவியும் அந்த அச்சுக்கு இணையான ஓர் அச்சில் திரும்ப வேண்டும். பூமத்திய ரேகையில் அத்தகைய அச்சைத் தரையில் வடக்கு தெற்காகக் கிடத்தினாலே போதும். வடக்கே செல்லச் செல்ல அதன் வடமுனையைத் தூக்க வேண்டும். உதகை ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. முத்தோரைச் சரிவும் வடக்கு நோக்கி 11 டிகிரி அளவே உயருகிறது. ஆகவே, பெரும் பொருட்செலவில் தாங்குமேடை கட்டித் தூக்க வேண்டியதை மலையே தூக்கிக் கொடுத்தது. கிணற்று ராட்டினம் ஓர் அச்சில் உருளுவதுபோல், இவ்வளவு பெரிய கருவியும் ஒரே அச்சில் திரும்பி, கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் பொருளை ஒன்பது மணி நேரத்திற்கு மேல் தொடருகிறது. ஏழை நாடு ஒன்று மலையைத் துணைக்கு அழைத்துச் செலவைக் குறைத்த வரலாறு இது.

இக்கருவி முதலில் மேற்கொண்ட வேலையும் அவ்வாறே விளங்கக்கூடியது. வீதியில் தேர் செல்லுகிறது. எதிர்த்திண்ணையிலுள்ள அகல் விளக்கு அதன் பின்னே மறைகிறது. மறைந்த கணத்தில் தேர் எந்த இடத்தில் இருந்தது என்பது தெரிந்தால் விளக்கு இருக்கும் திசையும் தெரிந்துவிடும். சட்டென்று மறைந்தால் விளக்கு சிறியது; சிறிது சிறிதாக மறைந்தால் அகன்றது. முத்தோரையில் சந்திரனே தேர்; தூரத்து அண்டங்கள் விளக்குகள். இம்முறையில் ஆயிரத்திற்கு மேற்பட்ட ரேடியோ மூலங்கள் அளக்கப்பட்டன. பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று, காலத்தோடு மாறி வந்தது என்னும் கொள்கைக்கு 1975-இல் இங்கிருந்து சான்று கிடைத்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் இதைக் கேட்டு மகிழ்வான். உண்மையில் ஓர் அணுவும் இதனால் குறையவில்லை.

"செய்கை பேசும், வாய் பேச வேண்டுவதில்லை" என்று நம் பொறியாளர்களிற் பலர் எண்ணுகிறார்கள். கதை என்றால் கட்டுக்கதை, வியாபாரிகளின் விளம்பரம் என்று அருவருக்கிறார்கள். இந்த அருவருப்பில் ஓரளவு நியாயம் உண்டு. இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பணம் திரட்டும் கூட்டம் நாட்டில் பெருகி வருவது உண்மையே. ஆனால் பொய்யன் பேசுகிறான் என்பதற்காக மெய்யன் வாய் மூடினால், ஊரார் காதில் விழுவது எது?

இதே நீலகிரி இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் சுரங்கக்கூடம் முதலில் முதுமலைக்கு அருகேயுள்ள சிங்காராவில் அமைவதாக இருந்தது. 2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. யானைகள் வழிவழியாக நடந்து செல்லும் பாதையும் புலிக்காடும் அங்கே இருந்தன. அந்த மறுப்பு நியாயமானதென்றே நாம் கருதுகிறோம். காட்டிற்கும் ஒரு கதை உண்டு. அதைக் கேளாமல் தன் கதையை மாத்திரம் சொல்ல வருகிறவன் நல்ல கதைசொல்லி அல்லன்.

பின்னர் தேனி மாவட்டத்தில் போடி மேற்கு மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. ஆயினும் பொட்டிப்புரம் வட்டாரத்து மக்களின் மனத்தில் அச்சம் முந்திக்கொண்டது. பாறையை வெடித்தால் ஊற்று வற்றுமா, அணை அதிருமா, கால்நடை மேயும் நிலம் போகுமா என்று அவர்கள் கேட்டனர். இவை அறியாமையின் கேள்விகள் அல்ல. அந்த மண்ணில் வாழுகிறவர்களின் கேள்விகள். கூடவே, நியூட்ரினோவே விஷக்கதிர் என்ற பேச்சும் பரவிற்று. சூரியனிலிருந்து வரும் அத்துகள்கள் இந்த வரியைப் படிப்பவரின் உடலிலும் கணந்தோறும் கோடானுகோடியாக ஊடுருவிச் செல்லுகின்றன. ஒரு தீங்கும் நேர்வதில்லை. விளக்கங்கள் வராமல் இல்லை. அச்சத்தின் வேகம் அவற்றுக்கு இல்லை. 2022-இல் தமிழ்நாட்டு அரசாங்கமே உச்ச நீதிமன்றத்தில் ஆட்சேபம் தெரிவித்தது. திட்டம் நல்லதா தீயதா என்பது வேறு விவாதம். முடிவு எதுவாயினும், ஜனங்கள் விஷயத்தை அறிந்து அந்த முடிவுக்கு வர வேண்டும். அதற்கு வழி செய்வது விஞ்ஞானியின் கடமை.

சில சமயங்களில் இக்கடமை உயிர்களையே காப்பதாகும். சிங்காராவுக்கு மறுப்பு வந்த அதே 2009 நவம்பரில், நீலகிரியில் பெருமழை பெய்து மலைகள் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று மழையை அளக்கவும் மண்ணின் ஈரத்தை அறியவும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் "இத்தனை மில்லிமீட்டர் மழை" என்ற அறிக்கையைக் கேட்டு நள்ளிரவில் லயன் வீட்டைவிட்டுக் குழந்தைகளோடு புறப்படும் தோட்டத் தொழிலாளி எத்தனை பேர்? "உன் வீட்டுக்கு மேலுள்ள சரிவு மூன்று நாட்களாகத் தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கிறது, ஊறிய மண்சுவர் எப்படி விழும் என்பது உனக்குத் தெரியும், மேல்மண்ணில் விரிசல் கண்டால் பொழுது விடியக் காத்திராதே" என்று அவனுக்குப் பழகிய பேச்சில் சொன்னால் அவன் எழுந்திருப்பான். இவ்விடத்தில் கதை அலங்காரமன்று. கருவியின் கடைசி உறுப்பு அதுவே. அந்த உறுப்பு இல்லையேல் மற்ற உறுப்புக்களெல்லாம் வீண்.

ஆகையால் நமது பொறியியற் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். ஒவ்வொரு மாணாக்கனும் பட்டம் பெறுமுன், தான் செய்த ஒரு வேலையைத் தமிழில், கணக்கு ஒன்றும் எழுதாமல், தன் பாட்டிக்கு விளங்குமாறு சொல்லிக் காட்டட்டும். எந்தக் கஷ்டத்தைத் தீர்க்க முயன்றான், எங்கே தோற்றான், எதனால் வழி கண்டான், இன்னும் என்ன ஆபத்து எஞ்சியிருக்கிறது என்ற நான்கையும் அவன் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோல்வியையும் ஆபத்தையும் விட்டுவிட்டால் அது விளம்பரமாகிவிடும். பாட்டி குறுக்கே கேள்வி கேட்டால் நிறுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டும். விளங்கச் சொல்ல முடியாத இடத்தில், பெரும்பாலும் அவனுக்கே விஷயம் விளங்கியிருக்காது. அதைக் கண்டுகொள்வதும் ஒரு லாபமே.

கோவிந்த ஸ்வரூப் 2020-இல் காலமானார். அவருடைய குழு முத்தோரையில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, புனா மாவட்டத்தில் ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுக்கள் சேர்ந்த இன்னும் பெரிய தொலைநோக்கியை நாட்டியது. இவ்வளவும் 1961-இல் நான்கு பேர் சேர்ந்து எழுதிய ஒரு யோசனையில் தொடங்கியவை. வெகு தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலையும் கேட்கும் கருவியை நம்மவர் செய்துவிட்டனர். அடிவாரத்தில் வாழும் ஜனங்களின் குரலைக் கேட்டு, அவர்கள் மொழியிலேயே மறுமொழி சொல்லும் வித்தையையும் நம் இளைஞர்கள் கற்றுக்கொள்வார்களாக.