நெருப்புக்குப் போகும் பாத்திரம்

1938 பிப்ரவரி 14 அன்று சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் சூட்டப்பட்ட உலர்துறை திறக்கப்பட்டது. அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் உழைத்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். அந்தக் காலத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அருமையான வழி ஒன்று உண்டு: பள்ளி விடுமுறையில் ஓர் இரவு கூடாரம் போட்டு, அன்றைய பாத்திரங்களில் சமைத்துச் சாப்பிடுவது. பாசிர் ரிஸ், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் அனுமதி பெற்றுக் கூடாரம் அடிக்கலாம். கண்ட இடத்தில் தீ மூட்டாமல், பூங்காவின் பார்பிக்யூ அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலம் சரியாக அமைய வேண்டுமென்றால் எவர்சில்வரை வீட்டிலேயே விடுங்கள். ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினாலும், நம் சமையலறைகளில் அது பரவலானது இந்திய சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1938க்குப் பொருந்துபவை பித்தளை, வெண்கலம், இரும்பு, எனாமல் மங்கு.

எதில் எதைச் சமைப்பது?

பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். புளி, தக்காளி, மோர் பட்டால் களிம்பு ஏறும். அதனால்தான் உள்ளே வெள்ளீயம் பூசுகிறார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகும் ஈயத்தைத் துணியால் தேய்த்துப் பரப்புவது பழைய கைவேலை. அந்த உலோகம் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1887இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி, 1890இல் புலாவ் பிரானியில் உருக்காலை அமைத்து மலாயாவின் வெள்ளீயத்தை உருக்கியது.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்புக்கரித் தணலின் சூடு அதைவிட மிக அதிகம். ஆகவே பூசிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்; வறுக்கவும் தாளிக்கவும் அது வேண்டாம். முழுக்க ஈயத்தால் ஆன ரசச் சொம்பு தணலுக்கு ஆகவே ஆகாது.

பொங்கலுக்கும் சோற்றுக்கும் வெண்கலப் பானைதான் சிறப்பு. கனமான பாத்திரம் என்பதால் சூடு சீராகப் பரவும். ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விடும்; சூடாக இருக்கையில் பச்சைத் தண்ணீரும் ஊற்றக் கூடாது. தாளிக்க, பொரிக்க இரும்புச் சட்டி. கழுவியதும் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தால் ஈரக்காற்றிலும் துருப்பிடிக்காது.

குடிக்க, விளிம்பு மடித்த பித்தளை டவரா, டம்ளர். உள்பக்கம் ஈயம் பூசியிருக்கட்டும். எனாமல் மங்கு இலேசானது, காலத்துக்கும் பொருந்தும். ஆனால் அதன் மேல்பூச்சு கண்ணாடி. சில்லு பெயர்ந்துவிட்டால் திரும்பப் பூச வழியில்லை. அப்படிப்பட்டதில் குடிக்க வேண்டாம்.

ஊற்றுக்கு மட்டும் எவர்சில்வர்

கூடாரம் போடாதவர்களுக்கு செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்கா இருக்கிறது. 1909இல் கண்டறியப்பட்ட ஊற்று அது. 2020 ஜனவரியில் புதுப்பொலிவோடு பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 70 டிகிரியில் வரும் நீரில் மக்கள் முட்டை வேகவைக்கிறார்கள். அந்த நீரில் சல்பைடு உண்டு. பித்தளையும் செம்பும் கறுத்துப்போகும். இங்கே மூடியுள்ள எவர்சில்வர் தூக்குதான் ஏற்றது. முதலில் ஒருமுறை வெந்நீர் ஊற்றிப் பாத்திரத்தைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பி மூடுங்கள். சூடு நிற்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையையும் கேம்பல் லேனையும் சுற்றியுள்ள கடைகளில் பாத்திரம் வாங்கும்போது, அது சமையலுக்கா அலங்காரத்துக்கா என்று கேளுங்கள். பளபளப்புக்காக வார்னிஷ் அடித்த பித்தளை அடுப்புக்கு உதவாது. பிடி ரிவிட் அடித்ததா என்று பாருங்கள். பற்றவைத்த பிடி தணலில் கழன்றுவிடும், பற்றாசில் காரீயமும் இருக்கலாம். ஈயப் பூச்சிலும் காரீயக் கலப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரும்பின் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். நெளிந்த பித்தளையைத் தட்டி நிமிர்த்தலாம், பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசலாம். உடைந்த வெண்கலத்தைக்கூட உருக்கி வார்க்கலாம். பழுது பார்க்க முடிந்த பாத்திரமே நீடித்து உழைக்கும். பாட்டியின் பித்தளைப் பாத்திரம் பரணில் கிடந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஈயம் பூசிக் கொண்டுவாருங்கள். முதல் சமையலைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். புளி போட்டுத் துலக்கும் வேலையையும் சேர்த்து.