நகலெடுப்புப் பொறியும் மாணவர் கல்வியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர் மலைக்குச் செல்லும் வழியில், போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் அமைந்துள்ளது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த இடம் இது. இத்தகைய மலைத்தோட்டங்களிலுள்ள மாணவருக்கு நல்ல நூலகம் என்பது மலையிறங்கிச் சென்று அடையவேண்டிய ஒன்றாகும். அங்கும் வேண்டிய நூல் பெரும்பாலும் ஒரே பிரதியாக இருக்கும். கணிப்பொறி பரவுவதற்கு முன்னர் இக்குறையை ஓரளவு நீக்கிய சாதனம் நகலெடுப்புப் பொறியே.

அதற்கு முன்னரும் வழிகள் இல்லாமலில்லை. கையால் எழுதிக்கொள்ளலாம், ஆனால் தவளையின் குருதியோட்டப் படத்தை அவ்வாறு படியெடுப்பது எல்லார்க்கும் இயலாது. கார்பன் தாள் நான்கைந்து படிகளுக்கு மேல் தெளிவாகத் தராது. சைக்ளோஸ்டைல் முறை நூற்றுக்கணக்கில் தரும் எனினும், மெழுகுத்தாளில் யாவற்றையும் புதிதாகத் தட்டச்சுச் செய்ய வேண்டும். அச்சிட்ட பக்கத்தை உள்ளது உள்ளவாறே எடுக்க இவற்றுள் எதனாலும் முடியவில்லை.

இதற்கு வழி கண்டவர் செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர். காப்புரிமை அலுவலில் இருந்த அவர், ஆவணங்களுக்குப் போதிய படிகள் கிடைக்காமையால் இடர்ப்பட்டவர். 1938 அக்டோபர் 22-ஆம் நாள், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார். எழுத்துப் பொறித்த கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட இடங்களில் மின்னேற்றம் நீங்கியது. எழுத்தின் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் எஞ்சியது. அங்கே தூவிய பொடி ஒட்டிக்கொண்டது. அப்பொடி மெழுகுத்தாளுக்கு மாற்றப்பட்டது. அவர் பயன்படுத்திய பொடி லைகோபோடியம் என்னும் தாவரத்தின் வித்துத்தூள் ஆகும். இவ்வினத் தாவரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான சரிவுகளிலும் வளர்கின்றன என்பதைத் தோட்டப்பகுதி ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டலாம். சீப்பைத் தலைமயிரில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஈர்க்கச் செய்யும் சோதனையிலும் செயற்படுவது இதே நிலைமின்னாற்றலே.

1959-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 என்னும் பொறி சாதாரணத் தாளிலேயே படியெடுத்தது. அதில் தகட்டுக்குப் பதிலாகச் செலினியம் பூசிய உருளை சுழன்றது. கரித்தூள் வெப்பத்தால் தாளில் உருகிப் படிந்தது. நம் நாட்டில் 1980-களுக்குப் பின்னர் இப்பொறிகள் சிற்றூர்க் கடைவீதிகளையும் எட்டின. நிறுவனத்தின் பெயரே மக்கள் வழக்கில் பொருளின் பெயராயிற்று.

ஆராய்ச்சியாளர்க்கு இவ்வுதவி முன்னரே கிட்டியிருந்தது. 1952-இல் யுனெஸ்கோவின் உதவியுடன் தில்லியில் தொடங்கப்பெற்ற இந்திய தேசிய விஞ்ஞான ஆவண மையம், வெளிநாட்டு இதழ்க் கட்டுரைகளின் நிழற்படப் படிகளையும் மொழிபெயர்ப்புகளையும் கேட்டவர்க்கு அனுப்பிவந்தது.

படியெடுத்தல் நூலாசிரியர் உரிமைக்கு ஊறு செய்யாதா என்னும் வினா நியாயமானதே. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடப்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்ற கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகத்தார் 2012-இல் வழக்குத் தொடுத்தனர். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், கற்பித்தலின் பொருட்டுப் படியெடுப்பதற்கு விலக்களிக்கிறது. அதனைக் காட்டி 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் சட்டக் கருத்தைப் பெரிதும் ஏற்றது. அப்பகுதிகள் பாடத்திற்குத் தேவைதானா என்பதை விசாரிக்கப் பணித்தது. 2017-இல் பதிப்பகத்தார் வழக்கை விலக்கிக்கொண்டனர். விலையுயர்ந்த நூலின் ஓர் அத்தியாயம் மட்டுமே வேண்டிய ஏழை மாணவர்க்கு இத்தீர்ப்பு எத்துணை ஆறுதல் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

ஒரு நடைமுறைச் செய்தி. படியிலிருந்து படி எடுக்குந்தோறும் மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் மறைகின்றன. தமிழில் இதனால் பொருளே மாறும்: ‘பல்’ என்பது ‘பல’ என்றாகிவிடும். கணக்கில் 2.5 என்பது 25 ஆகும். ஆகவே மூலத்தாளை உறையிலிட்டுத் தனியே வைத்து, எப்போதும் அதிலிருந்தே படியெடுத்தல் வேண்டும். வழங்குமுன் புள்ளிகளை ஒருமுறை சரிபார்த்து, மறைந்தவற்றை மையால் இட்டுக்கொள்க.