சுழலில் சேரும் இரைச்சல்

2004-இல் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலண்ட் இசை நிகழ்ச்சியில் ஸ்காட்லாந்துப் பாடகி கே.டி. டன்ஸ்டால் தனியாளாக வாசித்தார். கிதாரின் உடலைத் தட்டித் தாளம் பதித்தார். அதன்மேல் குரலைப் பதித்தார். காலடியில் இருந்த லூப்பர் பெடல் அவற்றைச் சுழலவிட, ஒருவரே ஒரு குழுவானார்.

அதைப் பார்த்து லூப்பர் வாங்கியவர்களில் பலர், நாலைந்து அடுக்குகளுக்குள் ஒரு தொல்லையைச் சந்திக்கிறார்கள். பாட்டுக்கு அடியில் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும்.

பெடல் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். நாடா இயந்திரங்களை வைத்து இசைக்கலைஞர்கள் ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் 1973-இல் இசைத்தட்டு வெளியிட்ட காலத்தில், மறுபதிவாகும் ஒவ்வொரு சுற்றிலும் நாடாவின் இரைச்சலும் கூடியது. டிஜிட்டல் லூப்பரில் அந்தக் குறை இல்லை. பதிந்ததை எத்தனை முறை சுழற்றினாலும் இரைச்சல் கூடாது. புதிதாகப் பதியும்போதுதான் கூடும். ஓவர்டப், அதாவது சுழலின்மேல் புது அடுக்கைப் பதியும் நிலை, திறந்திருக்கும்வரை, நாம் வாசிக்காத நொடிகளிலும் கம்பிவழி வருவதெல்லாம் உள்ளே போகும்.

கணக்கு எளிது. ஒரே அளவு இரைச்சலுள்ள அடுக்குகள் இரண்டானால் 3 டெசிபல் கூடும். நான்கானால் 6, எட்டானால் 9. மின்சாரத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்' ஒலி இன்னும் பொல்லாதது. சுழலின் நீளம் சரியாக 2 வினாடி என்றால் அதில் 100 அலைகள் அடங்கும்; அடுத்த சுற்றின் அலை முதல் சுற்றின் அலைமேல் அச்சாகப் பொருந்தும். இரண்டே அடுக்கில் 6 டெசிபல் ஏறிவிடும்.

ஊற்றைக் கண்டுபிடிக்க, கிதாரின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். சத்தம் நின்றால் அது கிதாரிலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் கேபிள், அடாப்டர், முன்னால் உள்ள பெடல்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். டிஸ்டார்ஷன் பெடல் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட் இருந்தால் அது லூப்பருக்கு முன்னால் இருக்கட்டும். பதிந்து இசையோடு கலந்துவிட்ட இரைச்சலைப் லூப்பருக்குப் பின்னால் வைத்த நாய்ஸ் கேட் பிரிக்க முடியாது. மைக்கில் பாடுபவர்களுக்கோ ஒலிபெருக்கியின் சத்தமே மறுபடி மைக்கில் நுழையும். பயிற்சியில் ஹெட்போன் போட்டுக்கொண்டால் அது தீரும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது காலின் பழக்கம்தான்: வரி முடிந்ததும் பெடலை மிதித்து ஓவர்டப்பை மூடுவது. இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். எதையும் வாசிக்காமல் எட்டு அடுக்குகள் பதிந்து, அந்த வெற்றுச் சுழலை ஒரு முறை கேளுங்கள்.