திறமூல மென்பொருளும் பயனர் குறைகளும்

மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் இசைவளித்து வெளியிடப்படும் மென்பொருள் திறமூல மென்பொருள் எனப்படும். இவற்றுள் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைக்கின்றன. வேண்டிய வசதி இல்லை, பழகிய வசதி நீக்கப்பட்டது, வழுக்கள் விரைவில் திருத்தப்படவில்லை எனப் பயனர்கள் குறை கூறுவது இத்துறையில் வழக்கமானது. இக்குறைகளால் மென்பொருள் மேம்பட்டதும் உண்டு. அதைப் பராமரிப்பவர் கடும் நெருக்கடிக்கு உள்ளானதும் உண்டு.

குறையிலிருந்து எழுந்த இயக்கம்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு குறை இருந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனருக்குத் தெரிவிக்கும் வசதியை நிரலில் சேர்த்திருந்தார். பின்னர் வந்த செராக்ஸ் அச்சுப்பொறிக்கும் அதைச் செய்ய முயன்றார். அதன் மூலநிரலை வைத்திருந்த ஆய்வாளர், வெளியிடுவதில்லை என உறுதியளித்திருந்ததால் தர மறுத்தார். இவ்வனுபவம் தம்மைப் பாதித்ததாக ஸ்டால்மன் பலமுறை கூறியுள்ளார். 1983 இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார்.

உரிமம் தருவதும் தராததும்

ஆங்கிலத்தில் ஒரே சொல் குறிக்கும் இரு பொருள்களைத் தமிழில் 'இலவசம்', 'கட்டற்ற' எனப் பிரித்துச் சொல்லலாம். இயக்கம் முன்வைத்தது இரண்டாவதை. 1989 இல் வெளியான குனூ பொது உரிமம் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருகிறது. ஆனால் சட்டம் இடமளிக்கும் அளவுக்கு, எவ்வித உத்தரவாதமும் இல்லை என்றும் அதுவே கூறுகிறது. எம்ஐடி உரிமமும் மென்பொருளை 'உள்ளது உள்ளபடியே' வழங்குகிறது. ஆகவே நிரலை மாற்றிக்கொள்ளும் உரிமை பயனருக்கு உண்டு. மாற்றித் தருமாறு உருவாக்குநரைக் கட்டாயப்படுத்தும் உரிமை இல்லை.

கிளைத்தல்

இவ்வுரிமையின் பயனை க்னோம் பணிச்சூழலின் வரலாற்றில் காணலாம். 2011 ஏப்ரலில் வெளியான க்னோம் 3, பழைய இடைமுகத்தைப் பெரிதும் மாற்றியது. பலர் அதிருப்தி அடைந்தனர். சிலர் க்னோம் 2 இன் நிரலை எடுத்து 'மேட்' என்ற பெயரில் தொடர்ந்தனர். லினக்சு மின்ட் குழு 'சினமன்' பணிச்சூழலை உருவாக்கியது. க்னோம் தன் வழியில் சென்றது; குறை கூறியவர்களுக்கும் மாற்று கிடைத்தது.

அழுத்தத்தின் விளைவு

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது லினக்சு இயங்குதளங்களில் பரவலாகப் பயன்படும் தரவுச் சுருக்கக் கருவி. பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் அதை நெடுங்காலம் ஏறத்தாழத் தனியாகவே பராமரித்து வந்தார். 2022 இல், பணி மெதுவாக நடக்கிறது என்றும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் சில கணக்குகள் அவரை நெருக்கின. இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என அவர் நினைவூட்டினார்.

பின்னர் 'ஜியா டான்' என்ற பெயரில் பங்களித்து வந்தவர் இணைப் பராமரிப்பாளரானார். 2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு நிரல் நுழைக்கப்பட்டது. தொலைநிலை உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆன்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் காரணத்தைத் தேடி, 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். நெருக்கடி தந்த கணக்குகளும் இச்சதியின் பகுதி எனப் பரவலாகக் கருதப்படுகிறது. அத்தகைய குறைகூறல் திறமூல உலகில் வழக்கமாக இருந்ததால் அப்போது எவருக்கும் ஐயம் எழவில்லை.

பயனுள்ள முறையீடு

நல்ல வழு அறிக்கையில் பின்வருவன இடம்பெறும்:

- மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம்
- வழுவை மீண்டும் தோற்றுவிக்கும் படிகள்
- எதிர்பார்த்தது, நடந்தது

அதே வழு ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என முதலில் தேடுவது பராமரிப்பாளரின் நேரத்தைக் காக்கும். நிரலெழுதத் தெரியாதவர்கள் ஆவணங்களைத் திருத்தலாம், நன்கொடை அளிக்கலாம், மொழிபெயர்க்கலாம். பயர்பாக்சு, லிப்ரே ஆபிசு போன்றவற்றின் தமிழ் இடைமுகங்கள் தன்னார்வலர்களின் பங்களிப்பால் உருவானவை.